ஒரு கிளிக் சத்தத்தின் கதை

கேத்தில் கொதித்து முடிந்ததும் ‘டிக்’ எண்டு ஒரு சத்தம் கேட்கும். விடுதியில் இரவு ஒரு மணிக்குப் பிளேன்டீக்குத் தண்ணி வைத்துவிட்டு இருக்கிற எல்லாருக்கும் அந்தச் சத்தம் தெரியும். யாரும் நிமிர்ந்து பார்க்கிறதில்லை, கை தானாகக் கோப்பைக்குப் போகும். மூடியைத் திறந்து கொதி வந்துட்டுதோ எண்டு பார்க்கிற வேலையை எங்கட அம்மம்மாமார் செய்தவை. எங்களுக்காக அதை ஒரு சின்ன உலோகத் தகடு செய்யுது.

அதே மாதிரித் தகடும் அதே சத்தமும் வேறொரு சாமானிலும் இருக்கின்றன என்பது அண்மையில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அதுக்கு வாப்கப் எண்டு பேர். ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் இருக்கிற டைனவாப் என்ற கம்பனி செய்வது. பார்க்க ஒரு கட்டைப் பேனை மாதிரி இருக்கும். பற்றரி இல்லை, வயர் இல்லை, திரை இல்லை. நுனியில் இருக்கிற சின்னக் குழிக்குள் காய்ந்த இலைத்தூளை வைத்து, மேலே ஒரு உலோகத் தொப்பியைப் போட்டு, அந்தத் தொப்பியை ரோர்ச் லைட்டரால் சூடாக்கவேண்டும். நெருப்பு இலையைத் தொடாது. உள்ளே போதிய சூடு வந்ததும் தொப்பி ‘கிளிக்’ எண்டும். அப்போது இழுத்தால் வருவது ஆவி. இலை கருகாமல் மண்ணிறமாக மிஞ்சும்.

முதலே சொல்லிவிடுகிறோம், இது விளம்பரக் கட்டுரை இல்லை. அந்தக் குழிக்குள் பெரும்பாலானோர் வைக்கிறது என்ன எண்டு எல்லாருக்கும் தெரியும். எங்கட நாட்டில் அது 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நச்சுப்பொருள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்துக்குள் வருகிற விசயம். எங்களை இழுத்தது வேறொன்று. “மச்சான் இது புகையில்லை, ஆவி. ஒண்டும் செய்யாது” எண்டு கம்பஸ் வாசலில் வேப் வைச்சிருக்கிற பெடியள் சொல்லுகிற அந்த ஒற்றை வசனம். அந்த வசனத்துக்கு எவ்வளவு வயது எண்டு தேடப்போனோம். நாங்கள் நினைச்சதைவிடக் கனக்க.

வீட்டில் சாம்பிராணி போடுகிறதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் அடிப்படை விளங்கும். தணல் அளவாக இருந்தால் சாம்பிராணி உருகி மணக்கும். தணல் கூடிப்போனால் பொசுங்கிக் கண் எரியும். அம்மா தட்டைக் கொஞ்சம் ஊதி, கொஞ்சம் சாம்பல் தூவி, பிறகுதான் போடுவா. எவ்வளவு சூடு போதும் எண்டு அவவின்ர கைக்குத் தெரியும். இரண்டாயிரத்தைந்நூறு வருசமாக மனிதர் தேடினதும் அந்தக் கைப்பக்குவம்தான்.

கிமு 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதிய வரலாற்றின் நான்காம் புத்தகத்தில் கருங்கடலுக்கு வடக்கே வாழ்ந்த ஸ்கித்தியரைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. செத்தவரைப் புதைத்த பிறகு அவர்கள் தங்களைச் சுத்தம் செய்கிற விதத்தை அவர் விபரிக்கிறார். மூன்று கம்புகளை ஒன்றோடொன்று சாய்த்து நட்டு, கம்பளித் துணியால் இறுக்க மூடி, உள்ளே ஒரு பாத்திரத்தில் பழுக்கக் காய்ச்சின கற்களைப் போடுவார்கள். பிறகு உள்ளே தவழ்ந்து போய் அந்தக் கற்களில் கஞ்சா விதையை எறிவார்கள். எழும்புகிற ஆவி எந்தக் கிரேக்க ஆவிக்குளியலையும் விடப் பெரிசு, ஸ்கித்தியர் சந்தோசத்தில் சத்தம் போடுவார்கள் என்கிறார். அவர்களுக்கு இதுதான் குளிப்பு, உடம்பைத் தண்ணியால் கழுவுகிறதே இல்லை என்றும் சேர்க்கிறார். ஹெரோடோட்டஸ் சொல்லுகிற எல்லாத்தையும் நம்ப ஏலாது எண்டு முதலாம் வருசத்திலேயே எங்களுக்குச் சொல்லித்தந்தவை. பொன் தோண்டுகிற எறும்பைப் பற்றியும் எழுதின மனுசன் அவர். எங்கட சந்தேகமும் அதுதான்.

ஆனால் இந்த இடத்தில் மண் அவருக்குச் சாட்சி சொன்னது. சோவியத் தொல்லியலாளர் செர்கேய் ருடென்கோ 1940களின் கடைசியில் அல்தாய் மலையில் பசிரிக் என்ற இடத்துப் புதைமேடுகளைத் தோண்டினார். உள்ளே போன தண்ணி உறைந்து நிரந்தரப் பனியாகிவிட்டதால் துணி, தோல், மரம் எல்லாமே அழியாமல் கிடந்தன. இரண்டாம் மேட்டில் வெண்கலப் பாத்திரங்கள், அதுக்குள் கற்கள், கற்களோடு கருகின கஞ்சா விதைகள், பக்கத்தில் கூடாரக் கம்புகள். ஹெரோடோட்டஸ் எழுதினது கருங்கடல் ஸ்கித்தியரைப் பற்றி, பசிரிக் அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் கிழக்கே இருக்கிறது. அவ்வளவு தூரத்திலும் அதே பழக்கம்.

2019இல் இன்னொன்று சேர்ந்தது. சீனாவின் மேற்கு எல்லையில், பாமிர் மலையில், தஷ்குர்கானுக்குக் கிட்ட ஜிர்ஸன்கல் என்ற இடுகாடு. எட்டுக் கல்லறைகளில் கிடைத்த பத்து மரத் தணல்சட்டிகளையும் அவற்றுக்குள் இருந்த சுட்ட கற்களையும் இரசாயனப் பரிசோதனை செய்தார்கள். வயது சுமார் 2500 வருசம். ஒன்றைத் தவிர மற்றவற்றில் கஞ்சாவின் தடயம் இருந்தது. அதுவும் காட்டில் தானாக முளைக்கிற சாதாரணச் செடியைவிட வீரியம் கூடினது. விதைக்குள் மயக்கம் தருகிற பொருள் அனேகமாக இல்லை என்பதால் ஹெரோடோட்டஸ் ‘விதை’ என்று சொன்னது பூவும் உமியும் சேர்ந்ததாகத்தான் இருக்கும் எண்டு எங்களுக்குப் படுகிறது.

நெருப்பில் நேரே போடாமல், நெருப்பு சூடாக்கின கல்லில் போட்டது இங்கே முக்கியம். கல் என்பது நெருப்புக்கும் இலைக்கும் நடுவில் நிற்கிற ஆள். வாப்கப்பின் தொப்பி செய்கிறதும் அதே வேலைதான். ஆனால் கல் எப்போது போதும் எண்டு சொல்லாது. பழுக்கக் காய்ந்த கல்லில் விழுந்தது ஆவியாகிறதோடு கருகியும் போகும், பசிரிக்கில் கிடைத்த விதைகள் கருகித்தான் இருந்தன. ஸ்கித்தியர் இழுத்தது பாதி ஆவி, பாதி புகை.

அடுத்த பெரிய முயற்சி இருண்டது. சீனாவின் அபின் குழாயைச் சினிமாவில் பார்த்தால் ஏதோ சுங்கான் குடிக்கிற மாதிரி இருக்கும். உண்மையில் அங்கே எதுவும் எரியவில்லை. மூங்கில் குழாயின் பக்கத்தில் ஒரு மண் குமிழ், குமிழில் ஊசி முனை அளவு துளை. சமைத்துப் பதப்படுத்தின அபினை ஊசியில் எடுத்து, விளக்குக்கு மேலே உருட்டி உருட்டி, துளையின் வாயில் ஒட்டி, குமிழை விளக்கின் சூட்டில் சரித்துப் பிடிப்பார்கள். அந்த விளக்கில் திரியைச் சுற்றி ஒரு கண்ணாடிக் கூம்பு இருக்கும். அது வெளிச்சத்துக்கு இல்லை, சூட்டை ஒரே இடத்துக்கு அனுப்பத்தான். ஒரு விரல் கிட்டப் போனால் அபின் கருகிக் காசு வீண். ஒரு விரல் தள்ளினால் ஆவி வராது. படுத்துக்கொண்டு இழுக்கிறது சோம்பலால் இல்லை, குமிழை விளக்குக்கு மேல் அசையாமல் பிடிக்க அதுதான் வசதி. அபின் கடைகளில் இந்த உருண்டை பிடிக்கிறதுக்கெண்டே ஆட்கள் வேலைக்கு இருந்தார்கள். வெப்பமானியை மனிதக் கையாகவே வைத்திருந்தார்கள்.

புகையில்லாத இந்த ஆவிதான் ஒரு பேரரசை உள்ளுக்குள் அரித்தது. வங்காளத்தில் பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஏகபோகத்தில் விளைந்த அபின் பெட்டி பெட்டியாகக் கன்ரனுக்குப் போனது. 1839இல் லின் செசூ ஹூமென்னில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட பெட்டிகளைச் சுண்ணாம்பும் உப்பும் போட்டு அழித்துக் கடலில் விட்டார், பிறகு யுத்தம் வந்தது. இதை வாசிக்கிறபோதே “ஆவிதானே, ஒண்டும் செய்யாது” என்ற வசனம் எங்களுக்குப் பாதி செத்துப்போனது. கருக்குவது நுரையீரலுக்கு ஒரு கேடு. எதை இழுக்கிறோம் என்பது தனிக் கேள்வி. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழைக்கிறதில்தான் எல்லா வியாபாரமும் நடந்திருக்கிறது.

ஹூக்காவும் அப்படித்தான். அக்பரின் வைத்தியர் அபுல் ஃபத் கிலானி புகையைத் தண்ணிக்குள்ளால் விட்டுச் சுத்தப்படுத்தக் கண்டுபிடித்தது எண்டு ஒரு கதை எல்லா இடமும் ஓடுகிறது. கிலானி இறந்தது 1589இல். பீஜப்பூரிலிருந்து அசாத் பேக் புகையிலையைக் கொண்டுபோய் அக்பருக்குக் காட்டினது அதுக்குப் பிறகு, 1600களின் முதல் வருசங்களில். வராத புகையிலைக்கு அவர் எப்படிக் கருவி செய்தார் எண்டு கேட்டால் கதை கொஞ்சம் ஆட்டம் காணும். ஆனால் கதையின் உயிர் ‘சுத்தப்படுத்த’ என்ற சொல்லில் இருக்கிறது. தண்ணி கழுவிவிடும் என்ற நம்பிக்கை நானூறு வருசம் தாண்டியும் கொழும்புக் கஃபேக்களில் உயிரோடிருக்கு. ஒரு தடவை உட்கார்ந்து ஹூக்கா இழுக்கிறபோது உள்ளே போகிற புகையின் அளவு நூறு சிகரெட்டுக்குச் சமமாகவோ அதுக்கு மேலாகவோ இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு ஆலோசனைக் குறிப்பு சொல்கிறது. மேலே வைக்கிற கரியிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டு வேறு.

இனி அந்தத் தகட்டுக்கு வருவோம்.

ஓ.எல் விஞ்ஞானப் புத்தகத்தில் ஈருலோகச் சட்டம் படித்திருப்போம். இரண்டு உலோகங்களை ஒட்டிச் சூடாக்கினால் ஒன்று கூட விரியும், மற்றது குறைய விரியும், அதால் சட்டம் வளையும். அது ஐந்து புள்ளிக்கான கேள்வி. அதுக்குப் பின்னால் கடல் இருக்கு எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. 18ஆம் நூற்றாண்டில் நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது எண்டு அறிய, பிசகாமல் ஓடுகிற மணிக்கூடு தேவைப்பட்டது. வெப்பம் ஏறினால் சுருள்வில் தளர்ந்து மணிக்கூடு பிந்தும். யோர்க்‌ஷயரில் பிறந்து தச்சு வேலை பழகின ஜோன் ஹரிசன் தன்னுடைய மூன்றாவது கடல் மணிக்கூட்டோடு ஏறக்குறைய 19 வருசம் மல்லுக்கட்டினார். அதில்தான் பித்தளையையும் உருக்கையும் சேர்த்துப் பொருத்தின ஈருலோகச் சட்டம் முதலில் வருகிறது. அந்த மணிக்கூடு அவருக்கு வெற்றி தரவில்லை. வெற்றி அதுக்குப் பிறகு செய்த பைக்கடிகார வடிவத்துக்குத்தான் கிடைத்தது. தோற்ற மணிக்கூட்டிலிருந்த சட்டம் உலகம் முழுக்கப் பரவியது.

1830இல் ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர் அன்ட்ரூ யூர் அதை வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவியாகக் காப்புரிமை எடுத்தார். தேர்மோஸ்ரற் என்ற பெயரும் அவர் வைத்ததுதான். இந்த யூரைக் கலைப்பீடத்து ஆக்களுக்கு வேறு வழியால் தெரிந்திருக்கலாம். ஆலைகளில் பிள்ளைகள் வேலை செய்கிறதை நியாயப்படுத்தி எழுதியவர், மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் வாங்கு வாங்கெண்டு வாங்குகிறாரே, அதே ஆள். தேர்ந்த தொழிலாளியின் கை முதலாளிக்குக் கட்டுப்படாது, ஆகவே கையின் அறிவை இயந்திரத்துக்கு மாற்றவேண்டும் என்பது அவருடைய வாதம். ஒரு சின்னத் தகடு வளைகிறதுக்குள் இவ்வளவு அரசியல் இருக்கும் எண்டு நாங்கள் எதிர்பார்க்கேல்லை.

சட்டம் மெதுவாக வளையும், சத்தம் போடாது. சத்தம் வந்தது 1920களில். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ஜோன் ஸ்பென்சர், சின்ன வயதில் மர ஆலைக் கொதிகலனைக் காக்கிற வேலையில் இருந்தபோது, அடுப்பின் கதவு சூடேறினால் ஒரு பக்கம் துள்ளுகிறதையும் ஆறினால் மறுபக்கம் துள்ளுகிறதையும் கவனித்ததாக ஒரு கதை சொல்லப்படுகிறது. நெருப்புத் தணிந்ததைக் கதவே சத்தம் போட்டுச் சொல்ல, இவர் அதுவரைக்கும் நித்திரை கொள்ளலாமாம். கதை உண்மையோ என்னவோ, அவர் செய்த சாமான் உண்மை. குழிந்த வட்டத் தகடு, இரண்டு உலோகம், குறிப்பிட்ட சூட்டில் சடாரென்று மறுபக்கம் குழிந்துவிடும். சின்னனில் பேணி மூடியை அமத்தி ‘டக் டக்’ எண்டு விளையாடினோமே, அதுதான். அந்தத் தகட்டின் வணிகப் பெயர் கிளிக்ஸன். பெயரே சத்தத்திலிருந்து வந்தது. இஸ்திரிப் பெட்டி, மோட்டர், கேத்தில் என்று இந்த வகைத் தகடுகள் போகாத இடமில்லை.

கருவி தயார், ஆனால் இலைக்காரர் அதைக் கண்டுகொள்ள இன்னும் தொண்ணூறு வருசம் சென்றது. நடுவில் ஒரு பெரிய கம்பனி விழுந்து எழும்பினது.

1988இல் ஆர். ஜே. ரெனோல்ட்ஸ் என்ற சிகரெட் கம்பனி பிரீமியர் என்ற ஒன்றை வெளியிட்டது. பார்க்கச் சிகரெட். நுனியில் ஒரு கரித்துண்டு. லைட்டரால் அதைப் பற்றவைத்தால் கரி சூடாகும், அதுக்குள்ளால் வருகிற சூடான காற்று அலுமினா மணிகள் நிரப்பின சின்னக் குப்பியைத் தாண்டி வரும், மணிகளில் பூசியிருந்த நிக்கொட்டினும் கிளிசரினும் ஆவியாகும். புகையிலை எரியாது. யோசித்துப் பார்த்தால் இதுவும் நெருப்பால் சூடாக்குகிற ஆவிக்கருவிதான். 30 கோடி டொலருக்கு மேல் செலவழித்ததாகச் சொல்லப்பட்டது. அரிசோனாவிலும் சென் லூயிசிலும் சோதனை விற்பனை நடந்தது. ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. இழுக்கப் பாரம், நெருப்புக்குச்சியால் பற்றவைத்தால் கந்தக நாற்றம் உள்ளே ஏறிவிடும். இது சிகரெட் இல்லை, மருந்து கொடுக்கிற கருவி, ஆகவே மருந்துச் சட்டத்தின் கீழ் வரவேண்டும் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் உட்பட்ட வைத்திய அமைப்புகள் கேட்டன. 1989இல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

அதே காலத்தை ஒட்டிக் காசில்லாத ஒரு மனுசன் அதே பிரச்சினையை அம்ஸ்ரர்டாமில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். ஈகிள் பில் எண்டு எல்லாரும் கூப்பிடுகிற அமெரிக்கர். 1990களில் அந்த நகரத்தின் கஞ்சா அருங்காட்சியகத்தில் வருகிறவர்களுக்கு ஆவிக்கருவியை இயக்கிக் காட்டிக்கொண்டிருந்தவர். பழைய பெயின்ற் உரிக்கிற சூடான காற்றுத் துப்பாக்கிதான் அவருடைய ஆயுதம். பிறகு ஒரு கண்ணாடிக் குமிழ்க் குழாய். குமிழுக்குள் இலை, கீழே லைட்டர், நெருப்பு கண்ணாடியைத்தான் தொடும், குலுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். அபின் விளக்குக்கு ஏதோ வகையில் சொந்தம். கையின் பக்குவம் திரும்பவும் தேவைப்பட்டது, திரும்பவும் கருகினது.

ஜேர்மனியின் தெற்கே ருற்லிங்கன் என்ற ஊர் சத்திரசிகிச்சைக் கருவிகளுக்குப் பேர்போனது. அந்த ஊரில் மார்க்குஸ் ஸ்ரோர்ஸ் 2000ஆம் ஆண்டில் வொல்கேனோ என்ற மேசைக் கருவியைக் கொண்டுவந்தார். கூம்பு வடிவம், உள்ளே மின்சூடாக்கி, மேலே ஒரு பை. சூடான காற்று இலைக்குள்ளால் ஏறிப் பையை நிரப்பும். பாகைக் கணக்கில் சூட்டைக் குறித்துவைக்கலாம் என்பதால் ஆய்வுகூடங்களுக்கு அது பிடித்துப்போனது. 2007இல் சன் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஏப்ராம்ஸ் குழு 18 பேரை வைத்து இதைக் கஞ்சா சிகரெட்டோடு ஒப்பிட்டது. இரத்தத்தில் ஏறின மருந்தின் அளவு ஏறக்குறைய ஒன்று. மூச்சுக்காற்றில் காபனோரொட்சைட்டு மட்டும் ஆவியில் மிகக் குறைவு. பதினெட்டுப் பேர்தான், அதுவும் சில நாட்கள்தான். இருந்தாலும் ‘எரிக்காமல்’ என்ற சொல்லுக்கு அளவிட்ட ஒரு அர்த்தம் கிடைத்தது. இலை ஏறக்குறைய 230 பாகை செல்சியசில் கருகத் தொடங்கும், சிகரெட் நுனி இழுக்கிற நேரம் 900 பாகையைத் தொடும். இரண்டுக்கும் நடுவில் பிறக்கிற தாரும் காபனோரொட்சைட்டும்தான் இந்த வித்தியாசம்.

இங்கே சட்டம் குறுக்கே வருகிறது. 2003 பெப்ரவரியில் அமெரிக்க மத்திய அரசு ‘ஒப்பரேசன் பைப் டிரீம்ஸ்’ என்ற பெயரில் கண்ணாடிக் குழாய் விற்கிற கம்பனிகள் மேல் பாய்ந்தது. 55 பேர் மேல் வழக்கு. நகைச்சுவை நடிகர் ரொமி சொங் அந்த வருசம் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். குற்றம் கஞ்சா வைத்திருந்தது இல்லை, குழாய் விற்றது. குழாய்க்குள் எதைப் போடுவாய் எண்டு விற்கிறவர் சொன்னால் அது குற்றச் சாட்சி. கடைக்காரர் வாயைக் கட்டினார்கள். ‘புகையிலைப் பாவனைக்கு மட்டும்’ என்ற பலகைகள் வந்தன. ‘காய்ந்த மூலிகை’ என்ற, யாருக்கும் நோகாத சொல்லும் இந்தப் பயத்துக்குள் வளர்ந்த சொல்தான். அடையாளம் தெரியாத மூலிகை. லவெண்டரும் கெமமைலும் வைத்து மணம் பிடிக்கலாம் எண்டு கைநூல்களில் எழுதியிருக்கும், அப்படிச் செய்கிறவர்களும் உண்டு, மறுக்கேல்லை.

15 வருசம் தள்ளிப் போங்கோ. 2018 ஒக்டோபர் 17 கனடாவில் கஞ்சா சட்டபூர்வமாகிறது. அந்த டிசெம்பரில் கனோபி குரோத் என்ற கனேடியக் கம்பனி வொல்கேனோவைச் செய்கிற ஸ்ரோர்ஸ் அன்ட் பிக்கல் நிறுவனத்தை ஏறக்குறைய 14 கோடி 50 இலட்சம் யூரோவுக்கு வாங்குகிறது. ஒருத்தர் குழாய் விற்று மறியலுக்குப் போனார், இன்னொருத்தர் குழாய்க் கம்பனி விற்றுக் கோடிகள் பார்த்தார். இடையில் மாறினது குழாய் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில், 2010களின் நடுப்பகுதியில், விஸ்கொன்சினில் வாப்கப் பிறந்தது. வொல்கேனோ பல நூறு டொலர், இது உருக்கில் நூறு டொலருக்குள். தொப்பிக்குள் இருக்கிறது ஸ்பென்சர் வகைத் துள்ளுத் தகடுகள். சூடேறினால் ஒரு கிளிக், ஆறினால் இன்னொரு கிளிக். ஆறின சத்தம் கேட்க முதல் திரும்பச் சூடாக்கினால் கணக்குப் பிழைத்து இலை கருகும், புதுசாகப் பாவிக்கிறவர்கள் விடுகிற பிழை அதுதான். ஆனாலும் கையை முழுசாக ஓய்வுபெற விடவில்லை. லைட்டரைத் தொப்பியின் நுனிப்பக்கம் பிடித்தால் தகடு முந்திச் சத்தம் போடும், உள்ளே சூடு குறைவு. அடிப்பக்கம் பிடித்தால் சத்தம் பிந்தும், சூடு கூடும். ஒரே இடத்தில் பிடித்தால் ஒரு பக்கம் மட்டும் கருகும், ஆகவே விரலால் சுழற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ரோர்ச் லைட்டரின் நீலச் சுவாலை ஆயிரம் பாகைக்கு மேல். இரட்டைச் சுவாலை எண்டால் தகட்டுக்கு யோசிக்க நேரமில்லாமல் போகும். ஆரம்பக்காரருக்கு ஒற்றைச் சுவாலை நல்லது எண்டு பாவிக்கிறவர்கள் சொல்லுகிறது இதால்தான். உருக்கா டைட்டேனியமா எண்டு பெரிய விவாதம் வேறு நடக்குது. இரண்டுமே செம்பு, அலுமினியத்தைவிட மிக மெதுவாகச் சூட்டைக் கடத்துகிற உலோகங்கள், அதால்தான் வாய் வைக்கிற பக்கம் சுடாமல் இருக்கிறது. டைட்டேனியம் பாரம் குறைவு, விலை கூட, அவ்வளவுதான். நெருப்பே வேண்டாம் எண்டு செப்புச் சுருளுக்குள் தொப்பியை நுழைத்து மின்காந்தத்தால் சூடாக்குகிற பெட்டிகளும் வந்துவிட்டன. அங்கே கைக்கு மிஞ்சின வேலை கேட்கிறது மட்டும்.

விஸ்கொன்சினில் கஞ்சா இன்னும் சட்டபூர்வமில்லை. செய்கிற இடத்தில் போட ஏலாத மூலிகைக்கான குழாய்.

இனி அந்தப் பெடியளின் வசனம். 2019இல் அமெரிக்காவில் வேப் பாவித்த இளம் ஆட்கள் நுரையீரல் பாதித்து வைத்தியசாலைகளில் குவிந்தார்கள். 2020 பெப்ரவரிக்குள் 2807 பேர், அவர்களில் 68 பேர் இறந்துவிட்டார்கள். முக்கிய குற்றவாளியாகக் கண்டுபிடிக்கப்பட்டது கள்ளச் சந்தை எண்ணெயில் கலந்த விற்றமின் ஈ அசற்றேற்று. காய்ந்த இலையைச் சூடாக்குகிற கருவிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை எண்டு இலைக்காரர் சொன்னார்கள், அது சரி. ஆனால் இரண்டையும் ‘ஆவி’ என்ற ஒரே சொல்லால் விற்றதும் இதே உலகம்தான். நல்லது நடக்கிறபோது ஒரே குடும்பம், சாவீடு வந்தால் சொந்தமில்லை.

2020 யூலையில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஃபிலிப் மொரிஸ் கம்பனியின் ஐகொஸ் என்ற சூடாக்கும் புகையிலைக் கருவிக்கு ஒரு தீர்ப்புச் சொன்னது. உடலுக்குள் போகிற நச்சுப் பொருட்கள் குறைவு என்று விளம்பரம் செய்யலாம். நோய் வருகிற ஆபத்துக் குறைவு என்று விளம்பரம் செய்ய விடமாட்டோம். வேறு வேறு இரண்டு வசனம், கம்பனி கேட்டது இரண்டையும், கிடைத்தது ஒன்று. சிகரெட்டை விட்டு இதுக்கு மாறுகிற நாற்பது வருசக் குடிகாரருக்கு அந்த முதல் வசனம் பெரிய விசயம். ஒருநாளும் பற்றவைக்காத பத்தொன்பது வயதுக்காரருக்கு அந்த வசனத்தில் எதுவும் இல்லை, ஏனெண்டால் அவருக்குக் குறைய ஒன்றுமே இருக்கேல்லை.

இந்த இரண்டு வசனத்தையும் தமிழில் எழுதப்போனபோதுதான் நாங்கள் உண்மையில் சிக்கினோம். எங்கட மொழியில் ஆவி பிடிக்கிறது மருந்து. தடிமனுக்கு நொச்சி இலை போட்டுப் பெட்சீற்றால் மூடி வேது பிடிப்போம், கொரோனா நேரம் ஊரே பிடித்தது. அந்த நல்ல பெயர் முழுக்க ‘ஆவி’ என்ற சொல்லோடு சேர்ந்து வேப்புக்குள்ளும் போய்விடுகிறது. உண்மையில் வாயிலிருந்து வருகிற வெள்ளை மேகம் ஆவியே இல்லை, ஆவி குளிர்ந்து உண்டான நுண்துளிகள். எங்களில் ஒருத்தர் ‘நுண்துளிப்புகை’ எண்டு எழுதுவம் எண்டார். இன்னொருத்தர், எரியாததைப் புகை எண்டு எழுதினால் அது எங்கட பக்கத்துப் பொய் எண்டார். மூன்றாவது ஆள் வேப் எண்டே விடுங்கோ, கேட்கிறவருக்கு விளங்கும் எண்டார். இரண்டு மணித்தியாலம் கதைத்து முடிவில்லாமல் போனதால் இந்தக் கட்டுரை முழுக்க ‘ஆவி’ எண்டே எழுதியிருக்கிறோம்.